பச்சை பூசிய இடம்

கோதண்டபாணிக்கு அன்று தலைகால் புரியவில்லை. நகராட்சியில் முப்பது வருடம் வரைபடம் போட்ட மனிதர். அவர் கடைசியாக வரைந்த நகரப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். பார்த்த கையோடு குருவிடம் ஓடினார். குரு நல்லமுத்து அடிகள் அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்ன, ஞானம் வயசு பார்த்தா வருகிறது?

"சாமி, ஒரு சந்தேகம். ஜனங்க ஊர்ப் படத்தைப் பார்க்கும்போது கண்ணு முதல்ல எங்கே போகும்?"

சந்தேகமாவது ஒன்றாவது. மனுஷனுக்குப் பாராட்டு வேண்டியிருந்தது.

"நடுவுல கோபுரத்தைப் பெரிசாப் போட்டிருக்கேன், சாமி. அங்கேதான் போகும்னு நினைக்கிறேன்."

"வாரும், போய்ப் பார்ப்போம்" என்றார் குரு.

படத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் ஒருவரும் கோபுரத்தைச் சட்டை செய்யவில்லை. ஒருவன் ஆற்றோடு விரலை ஓட்டிக்கொண்டு போய், பாலத்தில் திரும்பி, "இந்தா நம்ம தெரு" என்று பெண்டாட்டிக்குக் காட்டினான். ஒரு போலீஸ்காரர் ஸ்டேஷனைத் தேடுவார் என்று பார்த்தால், அவரும் தன் வீட்டைத்தான் தேடினார். கோதண்டபாணிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பிறகு கையில் ஒரு காகிதத்தோடு ஒரு பெண் வந்தாள். அவள் விரல் மார்க்கெட்டில் தொடங்கி, மசூதியைத் தாண்டி, ரேஷன் கடையில் திரும்பி நின்றது. அதற்குமேல் வெறும் பச்சை. மறுபடி மார்க்கெட்டுக்குப் போய் மெதுவாக வந்தாள். மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் பச்சைதான்.

பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, காளவாய்ச் சந்து எங்கே இருக்குன்னு காட்டுங்க. நாளைக்கு இடிக்க வர்றாங்களாம். ஆபீஸ்ல போய் அழுதா, அங்கே வீடே கிடையாது, படத்துல பூங்கான்னு இருக்குங்கறாங்க. நூத்திருபது வீடு இருக்குங்கய்யா. எனக்குத்தான் பார்க்கத் தெரியல போல."

கோதண்டபாணி பஸ் வரும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சற்று நேரம் நின்றுவிட்டு, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு இப்போதுதான் பேச்சு வந்தது.

"ஆறடி அகலத்துக்குக் குறைஞ்ச சந்து எதையும் படத்துல போடறதில்லைங்கறது எங்க வழக்கம், சாமி. போட்டா கோடெல்லாம் நெருங்கிக் கண்ணைக் குழப்பும். வெறுமனே விட்டா நல்லா இல்லையேன்னு பச்சை பூசினேன். இதுல என் தப்பு என்ன இருக்கு?"

குரு அந்தப் பெண் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்தை வரைஞ்சு முடிச்சதும் உம்ம கண்ணு முதல்ல எங்கே போச்சு?"

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

"என் தெருவுக்கு, சாமி."

"இருந்ததா?"

"இருந்தது."

"அதான், படம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டீர்."