வேலி தாண்டிய ரோஜா

கதை முடியும்வரை தலையை மட்டும் ஆட்டினால் போதும். வாயைத் திறக்க வேண்டிய இடம் கடைசியில் வரும்.

கொடைக்கானல் மலையில் இன்னாசிமுத்து என்று ஒருவர். மலையின் மழையையும் பனியையும் தாங்கி, மணமும் குறையாத ஒரு சிவப்பு ரோஜாவை உருவாக்கியே தீருவது என்று முப்பது வருடமாக ஒற்றைக்காலில் நின்றவர். அவருக்கு முன்னால் அந்த மலையில் யாரும் அப்படி முயன்றதில்லை. விடிந்ததும், விரியாத மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுப்பார். வேறொரு பூவின் பொடியைத் தூரிகையால் தடவி, காகிதப் பை மாட்டிவிடுவார். காய் பழுத்து, விதை முளைத்து, கன்று முதல் பூ விடும்போது ஒரே ஒரு பார்வை. தேறாததைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் சரிவில் எறிந்துவிடுவார். நூற்றில் ஒன்றுகூடத் தேறாத தொழில்.

இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பூக்காத பூவின் பெயரை வாரி வழங்கிவிடுவார்கள்.

மதுரையில் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு இவரை நம்பி மலையேறி வந்தவள் மனைவி ஸ்டெல்லா. "முதல்ல தேறுற ரோஜாவுக்கு உன் பேருதான்" என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்னார். வருடங்கள் போயின, ஒன்றும் தேறவில்லை. வாக்கும் செடி மாதிரிதான். பூக்காமல் கிடந்தால் வைத்தவனே மறந்துவிடுவான்.

பிறகு நண்பர் கனகசபையின் மகள் தேன்மொழி காய்ச்சலில் போய்விட்டாள். அவள் வளர்த்த ரோஜாவை, இதழின் முதுகில் வெள்ளைக் கீற்று ஓடும் செடியை, கனகசபை தொட்டியோடு தூக்கி வந்தார். "இதைப் பாத்துக்கிட்டு வீட்ல இருக்க முடியலடா. நீ வெச்சுக்க." துக்கத்தில் இன்னாசியின் வாய் முந்திக்கொண்டது. "இது வயித்துல பொறக்கிற முதல் நல்ல ரோஜாவுக்குத் தேன்மொழின்னுதான் பேரு."

அந்தச் செடியின் விதையில் வந்த கன்று ஒன்று, சோகை பிடித்தாற்போல நாலைந்து இதழோடு முதல் பூவை விட்டது. இன்னாசி பிடுங்கி எறிந்தார். சரிவில் கேரட் போட்டிருந்த பஞ்சவர்ணம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, முள்ளு நல்லா இருக்கே. காட்டுமாடு வராம ஓரத்துல நட்டுக்கட்டுமா?"

"நட்டுக்கம்மா. வேலி தாண்டிப் போனது என் செடி இல்ல."

"அப்புறம் வந்து கேக்கக் கூடாது!"

"கேட்டா என் பேரை மாத்திக் கூப்பிடு."

மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு காலை, சரிவிலிருந்து மணம் ஏறி அவர் அடுப்படிவரை வந்தது. எட்டிப் பார்த்தார். ஆளுயரப் புதர். அடர்ந்த சிவப்பில் கை நிறையப் பூக்கள். அத்தனை ஈரத்திலும் இலையில் ஒரு கரும்புள்ளி இல்லை. இதழின் முதுகில் வெள்ளைக் கீற்று. இன்னாசி பிடுங்கி எறிந்த அதே கன்று. அப்படியானால் முதல் பூ பொய் சொல்லும். அதை நம்பி இத்தனை வருடம் எதையெல்லாம் எறிந்தோமோ!

இறங்கிப் போய், ஒட்டுக்கட்ட, தண்டில் துளிர் கிளம்பும் ஒரு கண் கேட்டார்.

"எடுத்துக்கங்க. வேலி குறையாம வெட்டுங்க" என்றாள் பஞ்சவர்ணம். "எங்க தெருவுல இதுக்கு மாட்டுவேலின்னு பேரு. அது சரி, இனிமே உங்கள என்னன்னு கூப்பிடுறது?"

இன்னாசி குனிந்து ஒரு கண்ணை வெட்டி எடுத்துக்கொண்டார். அதை வேறொரு ரோஜாத் தண்டில் ஒட்டி, தொட்டியில் வளர்த்து, இன்னும் சில மழைக்காலம் பார்த்தார். ரோஜா தேறிவிட்டது.

இன்று சாயங்காலம் மலர்க் கண்காட்சியில் அதன் பெயரை அறிவிக்க வேண்டும். ஒருதடவை அறிவித்தால் அறிவித்ததுதான். எந்த ஊருக்குப் போனாலும் செடி அந்தப் பெயரோடுதான் போகும்.

வெளியே மழை. செடிகளுக்கான கண்ணாடி அறைக்குள் தொட்டியைக் கட்டிக்கொண்டு இன்னாசி உட்கார்ந்திருக்கிறார். அறைக்கு ஒரே கதவு. ஸ்டெல்லா காப்பியை வைத்துவிட்டு வழியிலேயே நிற்கிறாள். "நான் கேக்கப் போறதில்ல. ஆனா வந்ததுலேருந்து எனக்குன்னு இந்த மலையில எதுவும் பூக்கல." கதவோரம் கம்பளிக்குள் சுருண்டிருக்கும் கனகசபைக்கு இப்போது கண் தெரிவதில்லை. "அவ பேரை ஒருதடவ மைக்ல கேட்டுட்டாப் போதும்டா." கதவருகே குடையோடு பஞ்சவர்ணம். "மாட்டுவேலின்னு வெச்சா சிரிப்பாங்களாய்யா?"

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மாடு சிரிக்கல."

வாசலில் ஜீப் ஹாரன் அடிக்கிறது. இன்னாசி எழுந்திருக்கவில்லை, எழுந்தால் கதவுக்குப் போக வேண்டும், கதவை மறித்து மூன்று பேர்.

இப்போது வாயைத் திறக்கலாம். அந்த ரோஜாவுக்கு இன்னாசி எந்தப் பெயரைச் சொன்னால் சரி?

விடை: மாட்டுவேலி. ஸ்டெல்லாவுக்கும் கனகசபைக்கும் அவர் தந்தது, வரப்போகும் பூவைப் பற்றிய வாக்கு. பஞ்சவர்ணத்துக்குத் தந்தது கையிலிருந்த செடி. என் செடி இல்லை என்று வாயாரச் சொல்லி எறிந்தபின், அதற்கு இன்னொருவர் பெயரைக் கொடுக்க அவரிடம் உரிமை எதுவும் மிச்சமில்லை. ஒட்டுக்கட்டியது அவர் கைதான். ஆனால் ஒட்டு வேறு செடி ஆகாது, அதே செடிதான். அப்படியானால் மற்ற இரண்டு வாக்கும் பொய்த்தனவா? இல்லை, அவர் செடியாகத் தேறும் முதல் பூ இன்னும் பூக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அறுபது தாண்டிய இன்னாசி இரண்டு மொட்டுகளைப் பிரித்துப் பொடி தடவி, காகிதப் பை மாட்டினார். இந்தத் தடவை முதல் பூவைப் பார்த்துப் பிடுங்க முடியாது. காத்திருந்தாக வேண்டும், ஸ்டெல்லாவும் கனகசபையும்.