மூன்று விளா ஓடுகள்

ஒரு காட்டில், கிழட்டு யானை ஒன்று கண்ணை மூடுவதற்கு முன் எல்லா விலங்குகளையும் கூட்டிப் பேசியது. "கூரிய கண் உள்ளவர்கள் காவலுக்கு நில்லுங்கள். மற்றவர்கள்..." என்று ஏதோ சொன்னது. மீதிப் பேச்சு யாருக்கும் நினைவில்லை.

கூரிய கண் யாருக்கு என்று அறிய அந்த யானை ஒரு சோதனையும் வைத்திருந்தது. மூன்று விளாம்பழ ஓடுகள். ஒன்றுக்கு அடியில் நெல்லிக்காய். ஓடுகளை விறுவிறுவென்று இடம் மாற்றுவார்கள். காய் எதில் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

கோடையில் குளம் வற்றிக் குட்டையானது. அப்போது ஓடுகளை நரி எடுத்துக்கொண்டது.

"சரியாகச் சொல்பவர் அறிவாளி. அறிவாளி முதலில் குடிக்கட்டும். யானையார் சொன்ன மீதிப் பேச்சு இதுதான்!"

காரி என்னும் எருமையின் கன்றுக்கு அன்று சோதனை. கன்று ஓடுகளைப் பார்க்கவே இல்லை. குனிந்து மோந்தது, ஓர் ஓட்டை மூக்கால் தள்ளியது. நெல்லிக்காய் உருண்டு வந்தது.

"செல்லாது!" என்றது நரி. "மோந்து சொல்வதெல்லாம் அறிவா? போ, கடைசிக்கு!" அதோடு விட்டதா? கூட்டத்தைப் பார்த்து, "எருமைக் குலத்துக்கே மூளை மட்டம். பிறப்பு அப்படி!" என்றது.

காடு கொதித்தது. குரங்கு மார்பில் அடித்துக்கொண்டது. "என்ன திமிர்! மன்னிப்புக் கேள்!" என்று கிளி கிளைக்குக் கிளை பறந்து கத்தியது. மான் அழுதே விட்டது.

நரி முன்னங்கால்களைக் கூப்பியது. "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்."

"அப்படி வா வழிக்கு!" என்றது கிளி.

பிறகு எல்லாம் போய்ப் பழைய வரிசையிலேயே நின்றன. குரங்கு முதலில், கிளி அடுத்து. கன்று கடைசியில், நாக்கைத் தொங்கப்போட்டபடி. சோதனை முடியாததால் நேற்றும் அது கடைசியில் நின்று, வெறும் சேற்றைத்தான் நக்கியது.

காரி முன்னால் வந்தது. "குரங்கண்ணே, வரிசை அப்படியே இருக்கிறதே?"

"அதான் மன்னிப்புக் கேட்டாச்சே, காரி! இன்னும் என்ன?"

"அவன் பேச்சு எனக்கு உறைக்கவே இல்லை, அண்ணே. என் தோல்தான் தடித்த தோலாயிற்றே! என் கன்றுக்குத் தாகம்."

"பேச்சு வேறு, சோதனை வேறு" என்று முனகியது குரங்கு. முதல் இடத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

காரி நேரே நடந்தது. மூன்று ஓடுகளும் அதன் குளம்படியில் நொறுங்கின.

"ஐயோ! யானையார் வைத்த சோதனை!" என்று நரி அலறியது.

"காவலுக்கு வைத்தார். தண்ணீருக்கு வைத்ததாக எங்கள் யாருக்கும் நினைவில்லை. உனக்கு மட்டும், கோடை வந்ததும் நினைவு வந்துவிட்டதோ?"

நரி நொறுங்கிய ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியது.

காரி கொம்பைத் தாழ்த்திக் கரையில் குறுக்கே நின்றது. காட்டிலுள்ள கன்றுகளும் குட்டிகளும் குஞ்சுகளும் குடித்து முடிக்கும்வரை அங்கிருந்து நகர்வதில்லை என்று முடிவு செய்தது.

நீதி: இழிசொல்லைக் கண்டித்துவிட்டு, அநீதியான அளவுகோலை விட்டுவைத்தால், அந்தக் கண்டனம் வெறும் கூச்சல்.