பரமானந்தத்துக்குக் கிடைக்காத சொல்

ஜெசிந்தா டீச்சர் ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லித்தருபவர். மலையடிவாரத்தில் வீடு, கொல்லையில் ஆடுகள். அவருடைய சீடர்களில் மூத்தவர் பரமானந்தம். வயதில் டீச்சருக்கே மூத்தவர்.

‘ஹேவ்’ கைப்பற்றுவதில் பிறந்தது, ‘கிராஸ்ப்’ துழாவித் தேடுவதோடு உறவுள்ளது என்றெல்லாம் டீச்சரிடம் கற்றிருந்தார். பிடித்திருப்பதைச் சொல்லும் ‘ஹோல்ட்’டின் பிறப்பு மட்டும் கிடைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் டீச்சர், “பொறுங்க, தர்றேன்” என்பார்.

யாஸ்மின் என்ற கல்லூரி ஆசிரியை புதிதாக வந்து சேர்ந்தாள். வந்த வாரமே டீச்சர் அவளை அழைத்தார்.

“உள்ள வாம்மா. இன்னைக்கு ‘ஹோல்ட்’ பாக்கலாம்.”

பரமானந்தம் அவசரமாக முன்னால் வந்தார்.

“நானும் வரட்டுமா டீச்சர்?”

“நீங்க ஆடுங்களப் பாத்துக்குங்க.”

நேற்று வந்தவளுக்குப் பாடம், எனக்கு ஆடா? முணுமுணுத்துக்கொண்டே ஆடுகளையெல்லாம் வேலியோரம் குட்டைக் கயிற்றில் கட்டிப்போட்டார். முடிச்சுகளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலடியில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. இவ்வளவு சிரிக்க அந்தச் சொல்லில் அப்படி என்ன இருக்கிறது? அவருடன் டீச்சர் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை.

சாயங்காலம் டீச்சர் வெளியே வந்தார். ஆடுகள் வயிறு ஒட்டிப்போய்க் கத்திக்கொண்டிருந்தன. எட்டிய புல் காலையிலேயே தீர்ந்திருந்தது.

“ஏன் இப்படிக் கத்துதுங்க?”

“ஒண்ணும் தொலையல டீச்சர். எல்லாம் கட்டின எடத்துலயே இருக்கு.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“ஜன்னல்கிட்ட.”

டீச்சர் ஆடுகளின் பக்கம் நடந்தார். பரமானந்தத்தால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“எனக்குப் பொறாமையா இருக்கு டீச்சர். எத்தனை வருஷமா கேக்கறேன்! அப்படி என்னதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?”

“அந்தச் சொல்லோட பழைய சொந்தக்காரச் சொல் ஒண்ணு இருக்கு. மந்தையை மேய்க்கிறதுன்னு அர்த்தம். மேய விட்டுட்டு, அதுங்க மேலயே கண்ணா இருக்கணும். கைக்குள்ள பிடிச்சு வச்சுக்கிறதெல்லாம் அப்புறம் வந்தது.”

“இவ்வளவுதானா? இத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

டீச்சர் குனிந்து ஓர் ஆட்டின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அது இறுகிப்போயிருந்தது.

“அவளுக்குத்தான் வார்த்தையச் சொன்னேன். உங்களுக்கு ஆட்டையே கொடுத்தேனே.”