மூணு விலாவுக்கு மேல் தெரியக்கூடாது

அரைக்கால்பாளையத்தில் அறிவுக்குப் பஞ்சம் வந்தது எந்த வருஷம் என்று யாருக்கும் நினைவில்லை. வந்தது இன்னும் போகவில்லை. அங்கே செங்கோடன், நஞ்சப்பன், காளிங்கன் என்று அண்ணன் தம்பி மூவர். மூவருக்கும் சேர்த்து ஒரு செவலைப் பசு. செங்கோடன் மனைவி பாவாத்தாள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்தது.

கன்று போட்டு எழுபத்தோரு நாளாகியும் பசு பருவத்துக்கு வரவில்லை.

"ஆடிக்குள்ள சினை நிக்கலீன்னா எங்கண்ணன் வூட்டுக்கே ஓட்டிட்டுப் போயிருவேன்" என்றாள் பாவாத்தாள். "அங்க ஒருத்தருக்காவது மூளை இருக்குது."

செங்கோடன் அன்றே டாக்டரைத் தேடி ஓடினான்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "தின்னறதவிடக் கறக்கறது அதிகம். உடம்புக் கொழுப்பெல்லாம் கரைஞ்சு பாலாப் போவுது. அந்தச் சத்தை உடம்புக்குத் திருப்பிக் குடுங்க. இப்ப அஞ்சு விலா தெரியுது. மூணுக்கு மேல தெரியக்கூடாது. மூணு வாரத்துல வரேன். தேறியிருந்தா பருவத்துக்கு ஊசி போடலாம்."

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"பாலாப் போனதைத் திருப்பிக் குடுக்கச் சொன்னாரு" என்றான் நஞ்சப்பன்.

"எவ்வளவுடா?" என்றான் செங்கோடன்.

"நாளொண்ணுக்குப் போறது பதினாலு லிட்டருங்ணா. ஒரு சொட்டுக் குறைஞ்சாலும் பசுவுக்குத் துரோகம்."

அன்று முதல் கறந்த பாலையெல்லாம் தவிட்டில் கலந்து பசுவுக்கே வைத்தார்கள். வேறு தீனி இல்லை. வீட்டில் வரக்காப்பி. கன்று தாயின் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்தது.

மூன்றாம் நாள் பசுவுக்குக் கழிச்சல் கண்டது.

"சத்து மிச்சமாகி வெளிய வருதுங்ணா" என்றான் காளிங்கன். மூவருக்கும் மனம் நிறைந்தது.

இருபதாம் நாள் செங்கோடன் விரல் வைத்து விலாவை எண்ணினான். ஏழு. வால் பக்கத்திலிருந்து எண்ணினான். அப்போதும் ஏழு. நாளைக்கு டாக்டர் வருகிறார்.

"மூணு போக மீதி நாலு" என்று வெகுநேரம் கழித்துச் சொன்னான் காளிங்கன். "அந்த நாலை என்ன பண்றதுங்ணா?"

"தெரியக்கூடாதுன்னுதான சொன்னாரு?" என்றான் நஞ்சப்பன். "இருக்கக்கூடாதுன்னு சொல்லலியே."

அவன் கொத்து வேலைக்குப் போகிறவன். செம்மண்ணும் சாணியும் குழைத்து, நாலு விலா மறையப் பள்ளங்களை நிரப்பி, கொத்துக்கரண்டியால் வழவழவென்று தேய்த்துவிட்டான். மண் ஒரு பக்கத்துக்குத்தான் வந்தது. மறுபக்கத்தைச் சுவரோடு ஒட்டிக் கட்டினார்கள்.

டாக்டர் வந்தார். பாவாத்தாள் பசுவை ஓட்டிப் போகத் தும்புக் கயிற்றோடு நின்றாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினார்.

"மூணு."

செங்கோடனுக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பசு கன்றைத் தேடித் திரும்பி நின்றது. டாக்டர் இன்னொரு முறை எண்ணினார்.

"இங்க ஏழு இருக்குதேய்யா."

பாவாத்தாள் கயிற்றை உதறினாள். தம்பிகள் அண்ணனைப் பார்த்தார்கள். செங்கோடன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான்.

"தேறுன பக்கத்துக்கு மட்டும் ஊசியைப் போட்டு உடுங்க சாமி. தேறாத பக்கத்தை அவ அண்ணன் வூட்டுக்கு ஓட்டிட்டுப் போகட்டும்."