உலகம்மை கேட்ட இட்லி

பனிமலைக்கு அந்தப் பக்கம், வேறொரு நாட்டில், உலகம்மை ஒரு சிறிய ஆசிரமம் நடத்திவந்தாள். அம்பாசமுத்திரத்துப் பெண். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் போனவள், திரும்பவில்லை.

அவளிடம் சீடராகச் சேர்ந்த அணஞ்சபெருமாள் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதே ஊர்க்காரர். நாற்பது வருஷம் கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவர். மனைவி போனபிறகு வீட்டில் ஒரு நிமிஷம் நிலைகொள்ள முடியவில்லை. அசையாமல் உட்காரும் வித்தையைக் கற்றே தீருவது என்று மலையேறி வந்துவிட்டார்.

வித்தை வரவில்லை, பசிதான் வந்தது. அங்கே மூன்று வேளையும் வாற்கோதுமைக் கஞ்சி. கண்ணை மூடினால் போதும், உள்ளே புளிக்குழம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும். கால்மணி நேரத்தில் எழுந்து வெளியே போய் நிற்பார். ஊரில் இருந்தவரை அவர் தன் கைச்சமையலை ஆசையாகத் தின்றதே கிடையாது. பந்தி முடிந்ததும் ஒரு வாய் மோர்ச்சோறு, அவ்வளவுதான். அதற்கெல்லாம் சேர்த்து நாக்கு இங்கே வைத்துப் பழிவாங்கியது.

வருஷத்துக்கு ஒரு தடவை கோவேறு கழுதைகளில் சரக்கு வரும். கழுதைக்காரர்கள் பத்து நாள் தங்கி, பனி வழியை அடைப்பதற்குள் இறங்கிவிடுவார்கள். அவர்கள் வந்த அன்றே அணஞ்சபெருமாள் குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இவங்களோட நான் ஊருக்குப் போயிருதேன்."

"என்ன காரணம், அண்ணாச்சி?"

"சொல்ல வெக்கமா இருக்கு. சோறுதான்."

உலகம்மை சிரிக்கவில்லை.

"போங்க. குருதட்சணை உண்டுல்லா?"

"என்ன வேணும்னாலும் கேளுங்க."

"இட்லி. தின்னு பத்தொன்பது வருஷமாச்சு."

அவர் திகைத்துப்போனார். நாக்கை எப்போதோ வென்றவள் என்றல்லவா இத்தனை நாளும் அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குமா அந்த ஆசை?"

"எனக்கு நாக்கே இல்லைன்னு நெனச்சியளா?"

ஆயிரம் பேர் பந்திக்கு அசராதவருக்கு இட்லி ஒரு காரியமா? சரக்கு மூட்டையிலிருந்து அரிசியும் உளுந்தும் வாங்கி ஊறப்போட்டு, மருந்து இடிக்கும் கல்லில் கை வலிக்க அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தார். மறுநாள் திறந்து பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடியே கிடந்தது. இன்னொரு நாள் பொறுத்தார். அந்தக் குளிரில் அது புளிக்கவே இல்லை.

அடுத்த மாவை அடுப்போரம் வைத்தார். ஒரு பக்கம் வெந்து கட்டியாகிவிட்டது. அதற்கடுத்ததை வைக்கோலுக்குள் புதைத்தார். அதுவும் பிணம்போலக் குளிர்ந்து கிடந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கழுதைக்காரர்கள் கேலி செய்தார்கள். தட்சணைக்கு வேறு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார்கள். இட்லி ஊற்றத் தெரியாமல் ஓடிப்போனான் என்ற பேரோடு நான் ஊர் போய்ச் சேரவா என்று கேட்டார் அவர்.

எட்டாம் நாள் நான்காவது தடவையாக அரைத்தார். பானையை மடியில் வைத்து, இருந்த கம்பளி எல்லாவற்றையும் தன்னையும் பானையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, தியான அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நாளை மறுநாள் காலையில் புறப்படுகிறோம் என்று கழுதைக்காரர்கள் வந்து சொன்னார்கள். சரி என்றார்.

அசைந்தால் கம்பளி விலகும், விலகினால் குளிர் புகும். அதனால் அவர் அசையவில்லை. யாரோ கஞ்சி கொண்டுவந்து வாயில் ஊட்டினார்கள். என்ன ருசி என்று தெரியாமலே விழுங்கினார். கை பானையின் வயிற்றிலேயே இருந்தது. முதல் நாள் ஊர் நினைப்பு கொஞ்சம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. பானையின் சூடும் தன் மூச்சும் மட்டும் இருந்தன.

புளித்த வாடை மூக்கில் ஏறியபோதுதான் கண்ணைத் திறந்தார். மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகப் பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

உச்சிப்பொழுது ஆகியிருந்தது. முற்றத்தில் கழுதைகள் இல்லை. குளம்புத் தடங்கள் சரிவில் இறங்கிப்போயிருந்தன. அவற்றின்மேல் பனி விழத் தொடங்கியிருந்தது. இனி அடுத்த வருஷம்தான்.

உலகம்மை அடுப்பில் தண்ணீர் வைத்து, இட்லித் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். அணஞ்சபெருமாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புறப்பட்டுப் போயிட்டாங்களே. ஏம்மா என்னைக் கூப்பிடல?"

அவள் பானையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"கூப்பிடத்தான் வந்தேன், அண்ணாச்சி. நல்லா உக்காந்திருந்திய. கலைக்க மனசு வரல."