உடைந்த முனை

மலையடிவாரக் கோட்டை ஒன்றில், ஒரு காலத்தில் ஆயுதங்கள் தங்களுக்குத் தாங்களே தலைவனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அந்த முறை ஈட்டியும் கொடியும் போட்டியிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் எதிரி கூடாரம் அடித்துவிட்டதால் தேர்தலைத் தள்ளிப்போட வழியில்லை.

ஈட்டிக்கு முனை உடைந்திருந்தது. போன போரில், ஆற்றுத்துறையில் உடைந்தது அது என்று போகிற இடமெல்லாம் காட்டினான். "பொழுது சாயும்வரை எதிரியை மறிச்சு நின்னேன்" என்பான். அம்பறாத்தூணியிலிருந்த இளம் அம்புகள் அதைக் கேட்டுச் சிலிர்த்துப்போவார்கள்.

பிரசாரம் சூடு பிடித்த சமயத்தில் கொடியின் ஆளான முரசு ஒரு பேச்சைக் கிளப்பினான்.

"இவன் ஆத்துல இறங்கவே இல்லை. கோட்டைப் படியில விழுந்து முனையை உடைச்சுக்கிட்டவன்."

முரசு சொன்னால் கோட்டை முழுக்கக் கேட்கும். பொழுது போவதற்குள் ஈட்டியின் பக்கத்தில் நிற்கவே பலர் கூசினார்கள்.

ஆற்றுத்துறைக்குப் போனவர்களில் திரும்பி வந்தது இரண்டே பேர். ஒருவன் ஈட்டி. இன்னொருத்தி கேடயம்.

முரசு அவளைத் தேடி வந்தான்.

"கேடயம்மா, நீங்க பொய் சொல்லவே வேண்டாம். அவனை அங்கே பார்த்த ஞாபகம் இல்லைன்னு சொன்னாப் போதும். இந்த ஈரத் தரையில எதுக்குக் கிடக்கணும்? கொடி ஜெயிச்சா அரண்மனைக் கூடத்துல உங்களுக்கு இடம்."

முரசு போனதும் ஈட்டி வந்தான்.

"அக்கா, நான் ஆத்துல இறங்கினது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். எனக்கு முன்னாலயே இறங்கினே. என்னைப் பிளக்க வந்த வெட்டை வாங்கித்தான் உன் முனை போச்சு."

"அதைச் சொல்லு."

"சொல்றேன். அதுக்கப்புறம் நடந்தது?"

ஈட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் செத்த குதிரை ஒன்றின் மறைவில் போய்ப் படுத்துக்கொண்டான். கேடயம் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். பொழுது சாயும்வரை அவன் எழுந்து வரவில்லை.

"அதை மட்டும் விட்டுடு, அக்கா" என்றான்.

மறுநாள் சபை கூடியது. கேடயம் நடுவில் வந்து நின்றாள். தன்னைக் காப்பாற்றியவன் எதிரே நிற்கிறான். ஆனால் பொழுது சாயும்வரை மறித்து நின்றது அவளோடு வந்த மற்றக் கேடயங்கள், அவளுடைய தங்கைகள். ஒருத்திகூடத் திரும்பவில்லை. அவர்களுக்கு இருந்ததெல்லாம் மறித்து நின்றவர்கள் என்ற அந்த ஒரு பெயர்தான். அதையும் எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நடந்தது முழுவதையும் சொன்னாள்.

"ஆத்துல இறங்கினான்னு அவங்களே சொல்லிட்டாங்க, கேட்டுக்குங்க" என்றார்கள் அம்புகள்.

"படுத்துக்கிட்டான்னும் சொன்னாங்க" என்றான் முரசு. பிறகு அந்த ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்ப அடித்தான். படுத்துக்கிட்டான், படுத்துக்கிட்டான். கேடயம் மறுபடி பேச வாயெடுத்தாள். அவள் குரல் எடுபடவில்லை.

மூலையிலிருந்த குத்துவாள் ஒருவன் மட்டும் கேட்டான். "அன்னைக்குக் கொடி எங்கே இருந்தாரு?"

"கோபுரத்து மேல" என்றான் முரசு. "அவரு போர்ல நடந்துக்கிட்ட விதத்துல உங்களால ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

யாராலும் முடியவில்லை. கொடியின் மேல் ஒரு கிழிசல் இல்லை, ஒரு துளி சேறு இல்லை. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான்.

மறுநாள் விடிந்ததும் எதிரி ஆற்றில் இறங்கினான். உச்சியிலிருந்து கொடி ஆணையிட்டான், முரசு முழங்கினான். ஆயுதங்கள் கோட்டை வாசலுக்கு ஓடினார்கள். முன்வரிசையில் கேடயத்தின் பக்கத்து இடத்துக்கு யாரும் வரவில்லை. கடைசியில் ஈட்டி வந்து நின்றான்.

"என் மேல கோபமாடா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு." கதவைப் பார்த்தபடி சொன்னான்: "பயமா இருக்கு, அக்கா. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"எனக்கும்தான். பக்கத்துலயே வா."

கதவு திறந்தது. இருவரும் இறங்கினார்கள். மேலே நல்ல காற்று. கொடி அழகாகப் பறந்துகொண்டிருந்தான்.