எந்தக் கால் முதலில் வரும்

செசிலி ஓடக் கற்றுக்கொடுப்பவர். பூவரசன் ஓடி முடித்துவிட்டுக் கோபப்படுபவர்.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தாறு. சீடர் மலையடிவாரத்துப் பள்ளியில் தலைமையாசிரியர். அவர் வராந்தாவில் இருமினால் மூன்று வகுப்புகள் எழுந்து நிற்கும்.

அன்று மலைச்சாலையில் பயிற்சி ஓட்டம். பூவரசன் நொண்டிக்கொண்டே மேலே வந்தார். வந்ததும் தண்ணீர் கேனை உதைத்தார். கேன் நிறைந்திருந்தது.

"கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சா, சார்?" என்றார் செசிலி.

"காலைப் பத்திப் பேசாதீங்க."

"இப்ப உதைச்சது எந்தக் கால்?"

"கோச்!"

மாசிலாமணி எப்போதோ வந்து சேர்ந்து, மரத்தடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அரசுப் பேருந்து ஓட்டுபவர். இரண்டு கெண்டைக்கால்களிலும் பச்சை உறை. முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்துக் கணுக்கால் வரை இறுகப் பிடித்திருக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் பூவரசனைத் தாண்டுவார். தாண்டும்போது ஹாரன் அடிப்பதுபோல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சார், கெண்டைக்கால் சௌக்கியமா?"

உடனே பூவரசன் பாய்வார். அடுத்த வளைவு வரைக்கும் பாய்வார். அதற்கடுத்த வளைவில் கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே திட்டுவார். மாசிலாமணியை, மலையை, மலையில் சாலை போட்டவர்களை.

அன்றும் அதுதான் நடந்திருந்தது.

"ஒரே கேள்வி" என்றார் பூவரசன். "அந்த உறை உதவுமா, உதவாதா?"

"எதுக்கு?"

"ஓடறதுக்குத்தான். பின்னே, பல் விளக்கவா?"

"தெரியலை, சார்."

"தெரியலையா? நீங்கதானே கோச்! கடைக்காரனுக்குத் தெரியுது." பூவரசன் கழுத்தைச் சாய்த்துக் கடைக்காரராகவே மாறினார். குரலில் தேன் வழிந்தது. "'போட்டுப் பாருங்க சார். ரத்தம் ஜிவ்வுன்னு மேல ஏறும் சார். சதை ஆடவே ஆடாது சார். களைப்பா? அப்படின்னா என்னன்னு நீங்களே கேப்பீங்க சார்.' அவனுக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியலை."

"அவர் மலை ஏறுவாரா?"

"மாடிப்படியே ஏறமாட்டான். பேச்சை மாத்தாதீங்க. நீங்களே ஊருக்குப் போகும்போது முழங்கால் வரைக்கும் சாக்ஸ் இழுத்து விடுறீங்க. என் கண்ணால பார்த்தேன்."

"பஸ்ல போடுறேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தா கால் வீங்குது. போட்டா வீங்கலை."

"அப்போ உதவுது!"

"பஸ்ல நான் ஓடுறதில்லை, சார்."

மாசிலாமணி சிரித்தார். ஆரஞ்சு புரையேறி இருமினார். பூவரசன் அந்தப் பக்கம் பார்த்தார். வகுப்பறையாக இருந்திருந்தால் இருமல் நின்றிருக்கும்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை தேர்வு ஓட்டம்" என்றார் பூவரசன். "மூத்தோர் அணியில மூணே இடம். மாநிலப் போட்டிக்குப் போறேன்னு காலைக் கூட்டத்துல மைக்ல சொல்லிட்டேன். பள்ளிக்கூடமே கை தட்டிடுச்சு. நாலாவதா வந்தேன்னா, திங்கக்கிழமை அதே மைக் முன்னாடி நிக்கணும். உங்களுக்கு எங்க புரியப்போகுது?"

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நொண்டாமல் நடக்கப் பார்த்தார். அதனாலேயே இன்னும் நொண்டினார்.

புதன்கிழமை ஏரிக்கரைப் பயிற்சிக்குக் கறுப்பு உறை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு காலிலும். உறைக்கு மேலே சதை பொங்கலாய்ப் பிதுங்கி நின்றது.

"என்ன சைஸ், சார்?"

"ஸ்மால்."

"உங்களுக்கு லார்ஜ் வேணும்."

"இறுக்கம்தானே வேலை செய்யுது? இறுக்கம் கூடினா வேலையும் கூடும். ஆறாங்கிளாஸ் கணக்கு."

செசிலி ஏரிக்கரையைச் சுற்றி ஓடிவரச் சொன்னார். பூவரசன் சுற்றி வந்தார். முகம் ஜொலித்தது.

"பறக்குது, கோச்! கால் இருக்கிறதே தெரியலை!"

செசிலி கைக்கடிகாரத்தைக் காட்டினார். போன வாரம் எடுத்துக்கொண்ட அதே நேரம்தான்.

"மட்டமான வாட்ச்" என்றார் பூவரசன்.

"ஷூவைக் கழட்டுங்க, சார்."

"எதுக்கு?"

"கழட்டுங்க."

கழற்றினார். விரல்கள் ஐந்தும் நாவல்பழ நிறத்தில் இருந்தன. செசிலி கட்டைவிரலைக் கிள்ளினார். பூவரசன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணீங்க?"

"கிள்ளினேன்."

"அதான் சொல்றேனே! வலியே இல்லை!"

செசிலி ஏரிக்கரையில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினார். ஆனால் வந்தது அவர் குரல் இல்லை. வராந்தாவில் இருமும் அதே குரல், அதே கட்டை, அதே மூக்கு.

"எழுந்திரு! அறிவிருக்கா? ஒரு தடவை சொன்னா காதுல ஏறாதா? நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா!"

பூவரசன் சட்டென்று எழுந்து நின்றார். கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. பிறகுதான் தான் யார் என்று ஞாபகம் வந்தது. காது சிவந்தது.

"யார்கிட்டப் பேசுறீங்க?"

"செத்துப்போன விரலை வச்சுக்கிட்டுப் பறக்குதுன்னு சொல்ற ஆள்கிட்டப் பேசுறேன்!" இது செசிலியின் சொந்தக் குரல். இது இன்னும் பயமாக இருந்தது.

முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். மண்டிபோட்டு, இரண்டு உறைகளையும் மேலிருந்து கீழாக வெட்டினார். துணி பட்டென்று விலகியது. கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு ரத்தம் வந்தது. ரத்தத்தோடு வலியும் வந்தது. பூவரசன் ஏரிக்கே கேட்கும்படி கத்தினார்.

கத்தல் ஓய்ந்ததும் சொன்னார்: "வெட்டிட்டீங்க. சரி. பதில் மட்டும் வரலை. பதில் தெரியாததாலதான் கத்தரிக்கோல்."

"பதில் வேணுமா?"

"வேணும்."

செசிலி பையைத் துழாவினார். ஓர் உறையை எடுத்து நீட்டினார். சாம்பல் நிறம். லார்ஜ்.

"ஞாயித்துக்கிழமை இதைப் போட்டுட்டு ஓடுங்க."

"இன்னொண்ணு?"

"இல்லை. இடது காலுக்கு இது. வலது கால் வெறும் கால்."

"ஒத்தைக் கால்ல போட்டுட்டு ஓடுறதா? தேர்வு அன்னிக்கா? ஊர் சிரிக்கும்மா!"

"எந்தக் கால் முதல்ல மேலே வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க. உறை போட்ட கால் ஜெயிச்சா உதவுதுன்னு அர்த்தம். வெறும் கால் ஜெயிச்சா உதவலை."

பூவரசன் அவரை முறைத்தார். கேலியா என்று முகத்தில் தேடினார். அங்கே கேலி இல்லை.

"இடது கால் ஜெயிச்சா, மைக்ல, எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்குறேன்."

"சத்தமா."

"உங்க குரல்லயே கேக்குறேன், சார்."

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கல்யாண வீடுகளுக்கு மைக் பிடிப்பவர்தான் அன்றும் பிடித்திருந்தார். அவருக்குப் பூவரசனின் கால் கண்ணில் பட்டுவிட்டது.

"அன்பார்ந்த பெருமக்களே! நமது தலைமையாசிரியர் அவர்கள் ஒரு காலுக்கு ஸ்வெட்டர் அணிந்து களம் காண்கிறார்கள்! மறு காலுக்குக் குளிராதா என்பதை அவர்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும்!"

கூட்டம் சிரித்தது. பூவரசனின் பல் நறநறத்தது. பக்கத்தில் மாசிலாமணி, இரண்டு பச்சை உறைகளையும் மேலே இழுத்து விட்டுக்கொண்டு, "என்ன சார், இன்னொண்ணை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்றார்.

விசில் ஒலித்தது.

பூவரசன் கீழே பார்த்தபடி ஓடினார். இடது. வலது. தேர்வறையில் காப்பியடிக்கும் இரண்டு பையன்களைக் கண்காணிப்பதுபோல் பார்த்தார். எது முந்தும்? எது ஏமாற்றும்? முதல் வளைவில் இடது கொஞ்சம் லேசாக இருந்தது போலிருந்தது. 'பார்த்தியா?' என்று மனதுக்குள் செசிலியைத் திட்டினார். இரண்டாவது வளைவில் வலதும் லேசாக இருந்தது போலிருந்தது. அதையும் திட்டினார். இடது வேகமாகப் போனால் வலதும் கூடவே வந்தது. வலதை இழுத்துப் பிடித்தால் இடதும் நின்றது.

தோளோரம் யாரோ போனார்கள். யாரோ ஏதோ சொன்னார்கள். பூவரசன் நிமிரவில்லை. மன்னிப்பு கேட்கும் குரல் மைக்கில் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துக்கொண்டே கால்களைப் பார்த்தார். இடது. வலது.

ஒரு வளைவில் யாரோ கத்தினார்கள். அதற்கு மேலே ஒரு வளைவில், கல்லில் உட்கார்ந்து யாரோ காலை நீவிக்கொண்டிருந்தார்கள். பூவரசன் அவர்களுடைய காலைப் பார்க்கவில்லை. தன் கால்களைத்தான் பார்த்தார்.

பிறகு தரையில் ஒரு வெள்ளைக்கோடு வந்தது.

"மூன்றாவது இடம்!" என்று, ஜீப்பில் முன்னாலேயே உச்சிக்கு வந்துவிட்ட மைக் அலறியது. "ஸ்வெட்டர் போட்ட காலும் போடாத காலும் கைகோத்துக்கொண்டு வந்து சேர்ந்தன, பெருமக்களே!"

பூவரசன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இடது கெண்டைக்காலைத் தடவினார். பிடிப்பு இல்லை. வலதைத் தடவினார். அங்கேயும் இல்லை.

செசிலி தண்ணீர் கொண்டுவந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"எவ்வளவு திமிரு இருக்கும்!"

மாசிலாமணி நொண்டிக்கொண்டு வந்தார். நான்காவது. ஒரு பச்சை உறை கணுக்காலில் சுருண்டு கிடந்தது. மூஞ்சி மிளகாய்ப் பழமாய் இருந்தது.

"அஞ்சாவது வளைவுல கேட்டேன். சௌக்கியமான்னு. மதிக்கலை. கூடவே ஓடி ஆறாவதுலயும் கேட்டேன். திரும்பக்கூட இல்லை. ஏழாவதுல கத்தியே கேட்டேன்யா! கத்தினதுல என் மூச்சு போச்சு, கால் பிடிச்சுக்கிச்சு, இடமும் போச்சு! மனுஷன் கூப்பிட்டா ஒரு வார்த்தை பதில் சொல்லமாட்டீங்களா?"

பூவரசன் அவரைப் புரியாமல் பார்த்தார்.

"எப்பக் கூப்பிட்டீங்க?"

மாசிலாமணி, கோட்டருகே கொடுத்திருந்த ஆரஞ்சைத் தரையில் அடித்தார். அது உருண்டு கடைசி வளைவை நோக்கி இறங்கிப் போனது.

பூவரசன் செசிலி பக்கம் திரும்பினார். அணியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை.

"அதை விடுங்க. இடது காலும் பிடிக்கலை, வலது காலும் பிடிக்கலை. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. ஒத்தை உறையோட ஊர் சிரிக்க ஓடியிருக்கேன். இப்பவாவது நேரா ஒரு பதில் சொல்லுங்க. உறை உதவுச்சா, உதவலையா?"

செசிலி தண்ணீரை அவர் கையில் கொடுத்தார்.

"மாசிலாமணி கத்தினது எந்தக் காலுக்குக் கேட்டுச்சு, சார்?"

மைக் பூவரசனின் பெயரைக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. அவர் தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.